உப்புத் துரையின் கண்ணை மூடியவர்

ஹமீது மாஸ்டர் இறந்த செய்தி எனக்கு வகுப்பில் வந்தது. ஏழாம் வகுப்புப் பையன்களுக்குச் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். நம் பள்ளி பியூன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்றைக்கும் கழற்றாதவர் கழற்றுகிறாரே என்றபோதே புத்தகத்தை மூடிவிட்டேன். "சார், நம்ப டிராயிங் மாஸ்டரு மௌத்தாயிட்டாராம். காலைல தொழுதுட்டு வந்து குந்துனவரு அப்டியே சாஞ்சுட்டாராம்" என்றார்.   அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரிடம் சித்திரம் கற்றவர்கள். ஆசிரியர் அறையில் அவர் வாங்கி வைத்த சமோசாவைக் கேட்காமலேயே எடுத்துத் தின்றவர்கள். அவருடைய நல்ல குணங்களை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் காதில் விழாமல் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றும் எனக்குத் தெரியும். 'வெள்ளைக்காரன் படத்தைக் கெடுத்த மாஸ்டர்' என்பீர்கள். பட்டணத்தில் ஓவியம் தெரிந்த பெரிய மனிதர்களும் அதையே சொன்னார்கள். அவர் மறுத்ததே இல்லை. "நா உசுரோட கீற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க சார்" என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். நேற்று அவரை மண்ணில் வைத்தாகிவிட்டது. அந்தப் படத்தை வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனியும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. இனி நான் பேசலாம்.

அவர் வண்ணாரப்பேட்டைக்காரர். உருவம் வரைவது மார்க்கத்தில் கூடாது என்று உறவுக்காரர்கள் அவரைச் சீண்டாத நாள் கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் நானும் பக்கத்தில் இருந்தேன். பிரியாணித் தட்டுக்கு முன்னால் அவருடைய மச்சான் ஒருவர், "இன்னா மாமு, மறுமையில இதுக்கெல்லாம் உசுரு குடுன்னு கேட்டா இன்னா பண்ணுவ?" என்று வம்புக்கு இழுத்தார். மாஸ்டர் எலும்பைக் கடித்துக்கொண்டே, "நா எதையும் உண்டாக்கல மச்சான். ஏற்கெனவே உண்டானதப் பாத்துகினு கீறேன், அவ்ளோதான்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பார்ப்பது என்பது அவருக்கு விளையாட்டான வேலை இல்லை என்பதை நான் அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

எண்ணூர்க் கழியோரம் அந்தக் கம்பெனிக்கு ஒரு பழைய பங்களா இருந்தது. சுதந்திரம் வந்த பிறகு கம்பெனிக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். பங்களாக் கூடத்தில் போன நூற்றாண்டு துரை ஒருவரின் ஆளுயரப் படம் தொங்கியது. வரைந்தவர் யார் என்று தெரிந்தால் சீமைக்கு அனுப்பலாம், தெரியாவிட்டால் சுமந்து என்ன பயன் என்று மானேஜர் நினைத்தார். ஓவியப் பள்ளியில் படித்தவர் ஒருவர் ராயபுரத்தில் நம் பள்ளியில் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். மாஸ்டர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைப் புரட்ட ஒரு ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஞாயிற்றுக்கிழமையில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறேனே என்ற பொறாமைதான் நிஜமான காரணம் என்று நான் சொல்வேன்.

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கறுப்புக் கோட்டு, தொலைநோக்கியைப் பிடித்த கை, பின்னால் கடல். முகம் மட்டும் நல்ல வெளிச்சத்தில் இருந்தது. ஆனால் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும்பள்ளங்கள். கண் தெரியாத முகம் நம்மைப் பார்க்காது என்றுதானே நினைப்போம்? அது பார்த்தது. கூடத்தின் எந்த மூலைக்குப் போனாலும் என் பிடரி குறுகுறுத்தது. காவல்காரர் ஏழுமலை கூடத்துக்குள் காலே வைக்கமாட்டார். காத்திவாக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர், நல்ல உடற்கட்டுள்ள மனிதர். "நீங்க பாருங்க சாமி, நா இங்கியே கீறேன்" என்று வராந்தாவில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

அவர்தான் துரையின் கதையைச் சொன்னார். உப்பளங்களுக்கு அதிகாரியாக இருந்தவராம். கருவாடு போட ஒரு பிடி உப்பு அள்ளிய பெண்களைக்கூட இந்த வராந்தாவிலிருந்தே தொலைநோக்கியில் பார்த்துப் பிடித்துவிடுவாராம். பிடிபட்டவர்களுக்குச் சாட்டை. "உப்புத் தொரன்னு சொன்னா எங்க குப்பத்துல கைக்கொழந்த வாய மூடும்" என்றார் ஏழுமலை. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாஸ்டருக்குத் துரையைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்கு வேண்டியது வரைந்த ஆள். படத்தில் கையெழுத்து இல்லை. துணியின் பின்பக்கத்தில் லண்டன் கடை முத்திரை ஒன்று பாதி அழிந்து கிடந்தது. அதை வைத்துக் காலத்தை மட்டும் ஊகிக்க முடிந்தது. நான் நூலகத்தில் தூசியைத் தின்று, கப்பலேறி இங்கே வந்த ஓவியர்களின் பெயர்களைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். அவர் ஒவ்வொன்றையும் தள்ளிவிடுவார். "கோட்டு வரைஞ்சவன் வேற சார், மூஞ்சி வரைஞ்சவன் வேற. கோட்டு கூலிக்குப் போட்டது. இந்த மூஞ்சிய வரைஞ்சவனுக்கு இந்த ஆளக் கண்டா பயம். வாயப் பாருங்க, எவ்ளோ சாக்கிரதையா வரைஞ்சுகீறான்" என்பார். செத்துப்போன ஒருவனின் பயத்தை இன்னொருவர் தூரிகைத் தடத்திலிருந்து படிப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் படத்தைவிட அவர் அதைப் பார்த்த விதம்தான் எனக்கு அதிக நடுக்கத்தைத் தந்தது.

ஒரு ஞாயிறன்று ஏழுமலை உறவில் ஒரு கல்யாணத்துக்குத் திருவொற்றியூர் போய்விட்டார். அன்றைக்குத்தான் மாஸ்டர் கண்களைச் சுத்தம் செய்யத் துணிந்தார். நூறு வருஷத்து விளக்குப்புகை படிந்திருக்கிறது என்பது அவர் எண்ணம். ஓவியப் பள்ளியில் அப்படித்தான் படித்திருக்கிறார். பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து, குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்தார். கரி லேசாக வந்துவிட்டது. வெளிர்நீலக் கண்கள் இரண்டு, நேற்று வரைந்தவை போல ஈரமாக, ஜன்னலைத் தாண்டிக் கடலைப் பார்த்தன. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மாஸ்டரோ பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார். பிறகு என்னைக் கிட்டே இழுத்துக் காட்டினார். கருவிழிக்குள் ஒரு ஜன்னல். ஜன்னல் முன்னால் நூலிழை அளவில் ஒரு மனிதன், கையில் தூரிகையோடு.

"பேரு போடாதவன் தன்னையே போட்டுட்டுப் போய்கீறான் சார்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. துரைக்கு முன்னால் நிற்கும்போது தனக்கு எப்படி இருந்தது என்பதைத் துரையின் கண்ணுக்குள்ளேயே ஒளித்து வைத்துவிட்டான் அந்த ஓவியன். அடுத்த ஞாயிறு போட்டோக்காரரைக் கூட்டிவந்து படம் எடுப்பது, அதை வைத்து ஒரு கட்டுரை எழுதுவது என்று முடிவு செய்தோம். திரும்பும் ரயிலில் அவர் பாட்டு முணுமுணுத்தார். அவர் அப்படிப் பாடி நான் கேட்டது அதுதான் கடைசி.

வியாழக்கிழமை காற்று பிடித்தது. ஐப்பசிக் காற்று, கடற்கரைச் சாலையில் தண்ணீர் ஏறியது. மறுநாள் நண்பகலில் ஏழுமலை நனைந்த கோழியாகப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.  மாஸ்டர் தண்ணீர் கொடுத்தார்.

"பாய், அது அழுக்கு இல்ல. எங்க ஆளுங்க வெச்ச மை. அந்தாளு பார்வ பட்ட கட்டுமரம் கரைக்குத் திரும்பாதுன்னு வருசா வருசம் ஆடில எங்க வூட்டுப் பொம்பளைங்கதான் கண்ணுல மை பூசுவாங்க. பாட்டன் காலத்துலேர்ந்து பூசிகினு வராங்க. நீங்க தொடச்சுட்டீங்க. இப்போ மூணு பேரு போன கட்டுமரம் வர்ல. தொர கண்ணு தொறந்து கீதுன்னு குப்பமே பங்களால நிக்குது."

"ஏன் ஏழுமல, மின்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் மாஸ்டர்.

"படிச்சவங்க சிரிப்பீங்கன்னுதான்…" என்று தலையைக் குனிந்துகொண்டார் அவர். "இந்தப் பக்கமே வந்துடாதீங்க பாய். அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்."

மாஸ்டர் தன் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வழிமறித்தேன். அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். பிரிவினையில் வடக்கே நடந்தவற்றைப் பத்திரிகையில் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக்கூட ஒரு கணம் உற்றுப் பார்த்த நாட்கள். 'சாய்பு ஒருத்தன் கண்ணைத் திறந்துட்டான், மூணு உசுரு போச்சு' என்று ஒரு வாய் சொன்னால் போதும். அது எண்ணூரோடு நிற்காது. இதையெல்லாம் கொட்டினேன். "எல்லாம் தெரியுது சார். வயிறு கலக்குது. போவலன்னா இன்னும் கலக்கும்" என்றார். நான் கூடப் போனேன். வீரத்தால் அல்ல, அவரைத் தனியே அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ரயிலில் அவர் உதடு ஓதிக்கொண்டே வந்தது. நானும் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

பங்களாவைச் சுற்றி ஆட்கள் மழையில் நின்றார்கள். சத்தமே இல்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. துடுப்புகளைத் தரையில் ஊன்றியபடி நின்றவர்கள் எங்களுக்கு வழிவிட்டார்கள். பின்னால் வழி மூடிக்கொண்டது. கூடத்துக்குள் போனதும் ஒருவன் மாஸ்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "எங்க அண்ணன் எங்கடா?" இன்னொருவன் அவருடைய வலது கையை முறுக்கினான். "இந்தக் கைதானே? இத மொதல்ல ஒடைடா." மேலே சுவரில் அந்த நீலக் கண்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தன. 

"வுடுடா கைய!"

ஒரு பெண்ணின் குரல். கன்னியம்மா. கடலில் போன மூவரில் ஒருவனின் மனைவி. தலை விரிந்து, சேலை நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு கையில் கொட்டாங்குச்சி நிறைய விளக்குக் கரி, மறு கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணம். "தொறந்த கைதான் மூடணும். வேற எவன் மூடுனாலும் பலிக்காது. அந்தக் கைய ஒடச்சுட்டா அப்பால யாருடா மூடுவ? உங்கப்பனா?" என்றாள். முறுக்கியவன் கையை விட்டான். கூட்டம் பின்வாங்கியது. அவள் மாஸ்டருக்கு முன்னால் வந்து கரியை நீட்டினாள். "எம் புருசன் கடல்ல கீறான் நைனா. மூடு."

அவர் கரியை வாங்கிக்கொண்டார். எண்ணெயை வாங்கவில்லை. பெட்டியைத் திறந்து தன் ஆளிவிதை எண்ணெயை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளக்கெண்ணெய் எந்தக் காலத்திலும் உலராது. அதில் குழைத்த மையை என்றைக்கும் துடைத்துக்கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெய் உலர்ந்தால் கல். கீழே இருக்கும் வர்ணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். குனிந்து அவர் காதில், "அவங்க எண்ணெயிலேயே பூசுங்க மாஸ்டர். அப்புறம் கழுவிக்கலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்பால கழுவிக்கலாம்னு மனசுல வெச்சுகினு பூசுனா அது பூசுறதா சார்? இந்தப் பொம்பள மின்னாடி என்ன நடிக்கச் சொல்றீங்களா?"

பூசினார்.  படத்துக்கு முன்னால் நின்றால் அவர் கை நடுங்காது என்று நீங்கள் நினைக்கலாம், அன்றைக்கு நடுங்கியது. கறுப்பு இமையைத் தாண்டிக் கன்னத்தில் வழிந்தது. ஜன்னல் போயிற்று. தூரிகையோடு நின்ற அந்தச் சின்ன மனிதன் போனான். பூசி முடித்ததும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் எங்களைத் தொடவில்லை. ரயிலடி வரைக்கும் ஏழுமலை கூடவே வந்தார்.

மறுநாள் பழவேற்காட்டுப் பக்கம் கட்டுமரத்தின் ஒரு துண்டு ஒதுங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். கன்னியம்மாவின் கணவன் இல்லை.

அந்த மாதக் கடைசியில் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. மாஸ்டர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அடிக்க வருகிறாள் என்றே நினைத்தேன். ஒரு கூடை இறாலை மேசைமேல் வைத்தாள். "நீ மூடுனதாலதான் ரெண்டு பேராச்சும் வந்தாங்க நைனா. எங்க வூட்டுக்காரரு நேரம் அவ்ளோதான். நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இறாலை அவர் பியூனிடம் கொடுத்துவிட்டார். "திட்டியிருந்தா நா தூங்கியிருப்பேன் சார். மூடுனதால ரெண்டு பேரு வந்தாங்கன்னா, தொறந்ததால ஒருத்தன் போனான்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். காற்றழுத்தம், பருவமழை என்று சரித்திர வாத்தியாருக்குத் தெரிந்த பூகோளத்தையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எனக்கு நம்பிக்க இல்ல சார். பயம்தான் கீது" என்றார்.

பிறகு மானேஜர் வந்து கண்ணிலிருந்து கன்னம்வரை கல்லாகக் காய்ந்திருந்த கரியைப் பார்த்துவிட்டுக் குதித்தார். யார் செய்தது, குப்பத்து ஆட்களா, போலீசைக் கூப்பிடட்டுமா என்றார். "நாந்தான் சார். சுத்தம் பண்றேன்னு கெடுத்துட்டேன்" என்றார் மாஸ்டர். பட்டணத்தில் அவர் பெயர் அன்றோடு போயிற்று. அந்தக் கட்டுரையை அவர் எழுதவில்லை. அதற்குப் பிறகு ஐப்பசியில் காற்று எழும்போதெல்லாம் பாதி வகுப்பில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாஸ்டருக்கு மழை பிடிக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அவர் முகத்தை நான் பக்கவாட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். அப்படிப் பயந்த முகத்தை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

நேற்று மாஸ்டரைச் சுமந்து ஜனாஸா ஊர்வலம் தெருவைக் கடந்தபோது முனையில் கன்னியம்மா நின்றிருந்தாள். ஏழுமலை சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆண்கள் போன பிறகு நான் அவள் அருகில் போனேன். உன் புருஷன் உயிருக்குப் பட்ட கடனை நினைத்து நினைத்தே மனிதர் போய்ச் சேர்ந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன், அவளே ஆரம்பித்தாள்.

"தொறந்த கைதான் மூடணும்னு எங்க குப்பத்துல ஒரு வழக்கமும் கெடையாது சாமி. நானா சொன்னது."

எனக்கு விளங்கவில்லை.

"அடிச்சே கொன்னுருப்பானுங்க. எம் புருசன் வரமாட்டான்னு எனக்குக் காத்து சத்தத்துலயே தெரிஞ்சு போச்சு. அவனுக்காவ இன்னொருத்தியும் தாலி அறுக்கணுமா? கைய ஒடைக்கிறேன்னானுங்களா, வாய்ல வந்ததச் சொன்னேன். அப்பால எறா எடுத்தாந்து குடுத்ததும் அதுக்குத்தான். நா கோவத்துல கீறேன்னு நெனச்சா எங்க பசங்க திரும்ப வம்புக்குப் போவானுங்க."

"அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.  "பயந்தே செத்தாரம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லலாம்னு நெனச்சேன். தன்னக் காப்பாத்திக்கப் பூசுனோம்னு அவருக்கு ஆயிடும். அவரு அதுக்காவப் பூசல சாமி. நா பக்கத்துல நின்னு பாத்தேன். எங்க வூட்டுக்காரரு கரைக்கு வரணும்னுதான் பூசுனாரு. எம் புருசனுக்காவ எங்க குப்பத்துக்கு வெளியில ஒரு மனுசன் செஞ்சது அது ஒண்ணுதான். அத எப்டி சாமி நா அழிப்பேன்?"

 ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

ஹமீது மாஸ்டரின் சாமான்களில் எதுவும் என்னிடம் இல்லை. அவர் வீட்டார் அந்தத் தகரப் பெட்டியைக் கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். பயமே அறியாத மனிதர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி ஒருவரையும் தெரியாது. வயிறு கலங்க, உதடு ஓத, நடுங்கும் கையோடு போய், தான் நம்பாத ஒன்றை இன்னொருத்தியின் புருஷனுக்காக நிஜமாகவே செய்துவிட்டு வந்த ஒருவரைத் தெரியும். அவருடைய அந்தப் பயத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.